பாதையின் யோக்கியதை

2011-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி நடந்த பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தில் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிஷம் 2 விநாடியில் ஓடி முடித்தார். நான்கே விநாடி பின்தங்கி, அவருடைய நாட்டவரான மோசஸ் மோசோப் வந்து சேர்ந்தார். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2008-இல் பெர்லினில் நிலைநாட்டிய 2 மணி 3 நிமிஷம் 59 விநாடிதான் அன்றைய உலக சாதனை. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு நிமிஷத்தையே குறைத்துவிட்ட முட்டாயின் ஓட்டம் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து அதே பெர்லினில் பேட்ரிக் மக்காவ் 2 மணி 3 நிமிஷம் 38 விநாடியில் ஓடியபோது, முட்டாயைவிட 36 விநாடி அதிகம் எடுத்துக்கொண்ட அந்த ஓட்டமே சர்வதேச தடகள சம்மேளனத்தின் பட்டியலில் ஏறிற்று.

இது பெரிய அநியாயம் என்று அன்று பலர் வருந்தினார்கள். மாரத்தான் பிரியர்களிடையே அந்த வருத்தம் இன்றும் தீர்ந்தபாடில்லை. வீரரின் கால்கள் செய்த காரியத்தைக் காகித விதி ஒன்று மறுத்துவிட்டது என்ற அவர்களுடைய ஆதங்கத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், சம்மேளனத்தின் தீர்ப்பு நியாயமானது என்பதும், வருந்தவேண்டிய விஷயம் வேறொன்று என்பதுமே என் அபிப்பிராயம்.

விதி சொல்வது இரண்டு. பந்தயம் தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் தாழ்ந்திருந்தால், அந்தத் தாழ்வு தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரை, மிஞ்சக்கூடாது. மாரத்தானுக்கு இது 42 மீட்டர். இரண்டாவதாக, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்கோட்டில் உள்ள தொலைவு பந்தய தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பாஸ்டன் பாதையோ ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் கடல் மட்டத்துக்குச் சுமார் 150 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, கிழக்கு நோக்கியே சென்று, பாய்ல்ஸ்டன் தெருவில் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே முடிகிறது. மொத்த இறக்கம் ஏறத்தாழ 140 மீட்டர். இரு முனைகளுக்கும் இடையிலான நேர்த்தொலைவு பந்தய தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். இரண்டு நிபந்தனைகளிலும் அந்தப் பாதை தேறவில்லை.

பாஸ்டனின் அபிமானிகள் இதற்குச் சொல்லும் சமாதானம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முற்பாதியில் கிடைக்கும் இறக்கம் தொடைத் தசைகளைத் துவைத்து எடுத்துவிடுகிறது. அவ்வாறு நைந்துபோன கால்களோடு நியூட்டன் நகரத்துக் குன்றுகளை ஏற வேண்டும். 'இதயம் உடைக்கும் குன்று' என்று பிரசித்தி பெற்ற கடைசி ஏற்றம், உடம்பில் சக்தி வற்றத் தொடங்கும் 33-ஆவது கிலோமீட்டருக்கு அருகில் வந்து வாய்க்கிறது. ஆகவே பாஸ்டன் சுலபமான பாதை அல்ல என்கிறார்கள். மெய்தான். மற்ற வருஷங்களில் அங்கே ஓடியவர்களின் நேரங்களும் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் முட்டாய் ஓடிய அன்று சரிவு மட்டும் துணை செய்யவில்லை. மேற்கிலிருந்து பலமாக வீசிய காற்று, ஓட்டக்காரர்களை ஆரம்பம் முதல் கடைசி வரை முதுகில் கைவைத்துத் தள்ளியபடியே கூட வந்தது.

இந்தக் காற்றின் வலிமையை அறிய வேண்டுமானால் டெஸிரே லிண்டன் என்ற அமெரிக்க வீராங்கனையின் இரண்டு ஓட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2011-இல், டெஸிரே டாவிலா என்ற பெயரில் ஓடிய அவர், 2 மணி 22 நிமிஷம் 38 விநாடியில் முடித்து, இரண்டே விநாடி வித்தியாசத்தில் கென்யாவின் கரோலின் கிலெலிடம் முதலிடத்தை இழந்தார். ஏழு வருஷங்களுக்குப் பிறகு, 2018-இல், குளிர் மழையும் எதிர்காற்றும் முகத்தில் அறைந்த ஒரு நாளில், அதே பாதையில் 2 மணி 39 நிமிஷம் 54 விநாடி எடுத்துக்கொண்டு அவரே முதலாவதாக வந்தார். பாதையும் மாறவில்லை, மனுஷியும் மாறவில்லை. பதினேழு நிமிஷத்துக்கும் மேல் தாமதித்து வந்தவருக்கு வெற்றி கிட்டிற்று. அன்று ஆண்களில் வென்றவர், அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பந்தயங்களில் ஓடிவந்த ஜப்பானியர் யுகி கவாவுச்சி. அவருடைய நேரம் 2 மணி 15 நிமிஷம் 58 விநாடி, முட்டாயினுடையதைவிட ஏறக்குறைய பதின்மூன்று நிமிஷம் அதிகம்.

மைதானத்தில் நூறு மீட்டர் ஓடுகிறவருக்கு விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று அடித்தால் அந்த ஓட்டம் சாதனைக் கணக்கில் சேராது. பக்கத்திலேயே கருவி வைத்து அளந்துவிடுகிறார்கள். மரமும் கட்டடமும் சூழ்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் காற்று மாறும் 42 கிலோமீட்டர் சாலையில், இரண்டு மணி நேரம் அவ்வாறு அளப்பது எப்படிச் சாத்தியம்? காற்றை அளக்க முடியாதபோது, காற்று ஒருதலைப்பட்சமாக உதவ இடங்கொடாத வடிவத்தைப் பாதையிலேயே கேட்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. புறப்பட்ட இடத்துக்கு அருகே வந்து முடியும் பெர்லின் போன்ற பாதையில், போகும்போது தள்ளிய காற்று திரும்பும்போது தடுத்துவிடும். விதி கடுமையானதும் அன்று: பிளாக்ஹீத்தில் தொடங்கி மால் வீதியில் முடியும் லண்டன் மாரத்தான், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமலேயே யோக்கியதை பெற்றிருக்கிறது.

இத்தனை கண்டிப்பு அவசியமா என்று கேட்பவர்கள் சாலை ஓட்டத்தின் பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். 1951 முதல் 1956 வரை பாஸ்டன் பாதையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. பிற்பாடு அளந்தபோதுதான் அது வெளிப்பட்டது. 1981-இல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்டோ சலாசர் 2 மணி 8 நிமிஷம் 13 விநாடியில் ஓடியதை உலகத்தின் மிகச் சிறந்த நேரம் என்று கொண்டாடினார்கள். சில வருஷங்கள் கழித்து மறுபடி அளந்ததில், பாதை சுமார் 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை ஓடிய ஆயிரக்கணக்கான சாமானியர்கள், தாங்கள் ஓடியது 380 மீட்டர் குறைந்த மாரத்தான் என்பதைப் பின்னால் அறிந்து மனம் நொந்தார்கள். சாலை ஓட்டங்களுக்கு உலக சாதனை என்ற அந்தஸ்தைச் சம்மேளனம் 2004-இல்தான் அளித்தது என்றால், அளவுகளின்மேல் பிறந்திருந்த அவநம்பிக்கைக்கும் அந்தத் தாமதத்தில் பங்கு உண்டு.

இன்று அளக்கும் முறையைக் கவனித்தால் அதன் சிரத்தை விளங்கும். நேரான சாலைத் துண்டு ஒன்றை எஃகு நாடாவால் அளந்து குறியிட்டு, அதன்மேல் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணுங்கருவி அத்தூரத்துக்கு எத்தனை எண்கள் காட்டுகிறது என்று முதலில் நிச்சயிக்கிறார்கள். பிறகு முழுப் பாதையையும் அதே சைக்கிளில் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டுமே விலகி, ஓடுகிறவர் பிடிக்கக்கூடிய மிகக் குறுகிய வழியையே பின்பற்றுகிறார்கள். வேலை முடிந்ததும் திரும்பிவந்து, வெயிலில் டயர் விரிந்திருந்தால் எண்ணிக்கை எவ்வளவு மாறியது என்று சரிபார்க்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், பிழை நேர்ந்தால் அது குறைவாக இருக்கக்கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று வீதம், மாரத்தானுக்கு 42 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நாற்பத்திரண்டு மீட்டருக்கு இவ்வளவு அஞ்சுகிறவர்கள், நூற்று நாற்பது மீட்டர் இறக்கத்தைக் கண்டும் காணாமல் விடுவது எந்த வகையில் பொருந்தும்?

முட்டாயின் பெருமைக்கு இதனால் ஒரு பங்கமும் இல்லை. அதே வருஷம் நவம்பரில், பாலங்களும் ஏற்றங்களும் மலிந்த நியூயார்க் பாதையில், பத்து வருஷங்களாக நின்ற 2 மணி 7 நிமிஷம் 43 விநாடி என்ற பாதைச் சாதனையை 2 மணி 5 நிமிஷம் 6 விநாடியாக அவர் குறைத்தபோது, ஏப்ரலில் ஓடியது காற்று மட்டும் அல்ல என்பது சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. அப்படியிருந்தும் அடுத்த வருஷம் ஒலிம்பிக் அணியில் கென்யா அவருக்கு இடம் தரவில்லை. அனுதாபிகளின் கோபம் சென்றிருக்க வேண்டிய திசை அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பாஸ்டன் பந்தயத்தை நடத்தும் சங்கத்தாரே இப்போது பிறர் பாதைகளின் சரிவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள நேர்ந்திருக்கிறது. மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பந்தயங்களில் ஓடித் தகுதி நேரம் பெற்று வருகிறவர்கள் பெருகிவிட்டதால், 2027 பந்தயம் முதல், 1,500 அடியோ அதற்கு மேலோ இறங்கும் பாதையில் பெற்ற நேரத்தோடு ஐந்து நிமிஷமும், 3,000 அடியிலிருந்து பத்து நிமிஷமும் சேர்ப்பதென்றும், 6,000 அடியை எட்டினால் அந்நேரத்தை ஏற்பதே இல்லை என்றும் 2025-இல் அவர்கள் அறிவித்தார்கள். இதில் நான் மெச்சுவது, விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டதை. 2011-இல் இல்லாமற்போனது அந்த முன்னறிவிப்புத்தான். பாஸ்டன் பாதை சாதனைக்கு ஏற்றதன்று என்பது விதிப் புத்தகத்தில் இருந்தது, வேடிக்கை பார்த்த ஜனங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த ஊரில் சாலைப் பந்தயம் நடந்தாலும், பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, பாதை அளக்கப்பட்டதா, எத்தனை மீட்டர் இறங்குகிறது, உலக சாதனைக்கு யோக்கியதை உள்ளதா என்ற மூன்று விவரங்களையும் அச்சிட வேண்டும். நேர்முக வர்ணனை செய்கிறவரும் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும்.