வீட்டை விற்பதிலும் வியாபாரக் கணக்கு வேண்டும்

துவரம் பருப்பு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. விருதுநகர் நிலவரம் என்ன, எத்தனை லோடு வந்திருக்கிறது, மண்டியில் இருப்பு எவ்வளவு என்று விசாரிக்காமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. ஆனால் அதே வணிகர் தாம் குடியிருக்கும் வீட்டை விற்க நினைக்கும்போது மட்டும் விசாரணையும் கிடையாது, கணக்கும் கிடையாது. மைத்துனர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருப்பார். பிறகு கடன்காரர் நெருக்கும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். நம்மவர்கள் பலரிடம் காணும் இந்தப் போக்கைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வீட்டு விலை பறக்கிற காலம் உண்டு, படுத்துக்கிடக்கிற காலமும் உண்டு. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்த பிறகு எத்தனையோ ஊர்களில் கிரையப் பேச்சே நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்த இரண்டும் இல்லாமல், வாங்க வருகிறவரும் விற்க நினைப்பவரும் ஏறக்குறைய சமமாக இருக்கும் காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு இருக்கும் வீடுகள் இப்போதைய வேகத்தில் விற்றுத் தீர எத்தனை மாதம் ஆகும் என்று பார்க்கிறார்கள். சுமார் ஆறு மாதம் என்றால் சந்தை சமநிலை. நமக்கு இது புதிதல்ல, கடையில் இருப்புப் பார்ப்பது போலத்தான். நம் ஊர்களில் பழைய வீடுகளுக்கு அப்படி யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனால் உங்களைச் சுற்றியுள்ள பத்துத் தெருவில் எத்தனை வீடு விற்பனைக்கு இருக்கிறது, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை கைமாறியது என்று இரண்டு புரோக்கர்களிடம் தனித்தனியாகக் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும்.

இத்தகைய சந்தையில் விலை நமக்காக முடிவெடுக்காது. "இப்போது விற்றால் கொள்ளை லாபம்" என்பதும் இல்லை, "இன்னும் இறங்கிவிடும், ஓடு" என்பதும் இல்லை. ஆகவே விற்கலாமா என்ற கேள்விக்குப் பதில் நம் பேரேட்டில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில், பெரிய வீட்டில் இரண்டு பேர் என்றால் விற்பதில் தவறில்லை. அதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். கடைக்காக வீட்டை விற்பதுதான் விவாதத்துக்குரியது.

கடைக்கு முதல் போதவில்லை, எதிரே சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வருகிறது, நாமும் கடையைப் பெரிதாக்கினால்தான் நிற்க முடியும், அதற்கு வீட்டை விற்போம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. பல கடைகளில் முதல் போதாமைக்குக் காரணம் வெளியே நிற்கும் பற்றுப் பாக்கி. அதை வசூலிக்காமல் வீட்டை விற்றுப் பணம் போட்டால், அந்தப் பணமும் இரண்டே வருடத்தில் பற்று நோட்டுக்குப் போய்விடும்.

ஏற்கெனவே கடன் இருந்து, அதன் வட்டி கடையைத் தின்றுகொண்டிருந்தால் அது வேறு விஷயம். கணக்குக்காக, 60 லட்ச ரூபாய் பெறும் வீடு, 30 லட்சம் கடன், 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு வட்டி மட்டும் 4 லட்சத்து 50 ஆயிரம். அதே வீட்டில் வாடகைக்கு இருந்தால் நம் ஊர்களில் மாதம் 15 ஆயிரத்துக்கு மேல் போகாது, அதாவது வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். கடை லாபம் அந்த வட்டியைத் தாங்கவில்லை என்றால் வீட்டை விற்பதே சரி. அதுவும் சந்தை சமநிலையில் இருக்கும்போதே, நம் கையில் நேரம் இருக்கும்போதே விற்க வேண்டும். வங்கிக் கடனில் 90 நாள் நிலுவை நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடுகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்குள் கட்டாவிட்டால் அடமான வீட்டை வங்கி கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவரலாம். ஏலத்துக்கு வருகிறவர் மலிவாகக் கிடைக்கும் என்றுதான் வருகிறார். (விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கோர்ட் ஜப்தியிலிருந்து விலக்கு உண்டு. வணிகருக்கு அது இல்லை. சங்கங்கள் எத்தனையோ கோரிக்கை வைக்கின்றன, இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

பத்திரம் வங்கியில் இருக்கிறதே, எப்படி விற்பது என்று தயங்க வேண்டாம். வாங்குபவர் தரும் தொகையிலிருந்து வங்கிக்கு நேரடியாகக் கட்டச் செய்து, பத்திரத்தை மீட்டு, அடமான ரத்தையும் பதிவு செய்து கிரையம் முடிக்கலாம். கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

இனி விற்கும் முறை. முதலில் காகிதம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாம் போர்டு மாட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பட்டா இன்னும் காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போன வீட்டில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "தங்கை எங்கே கேட்கப் போகிறாள்" என்பதெல்லாம் வாங்குபவரின் வக்கீலிடம் செல்லாது. விலை பேசுவதற்கு முன் தங்கையிடம் பேசுங்கள்.

அடுத்து விலை. சமநிலைச் சந்தையில் வாங்குபவருக்கு வேறு நாலு வீடு பார்க்கக் கிடைக்கிறது. மேலும் தமிழ்நாட்டில் அவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டியாக வேண்டும். 60 லட்சத்துக்கு அது மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம். நாம் சொல்லும் விலையோடு இதையும் கூட்டித்தான் அவர் யோசிக்கிறார். எதிர்பார்க்கும் விலைக்கு மேல் ஐந்து சதவீதம் வைத்துச் சொல்லலாம், பேரம் பேச அவருக்கும் இடம் வேண்டுமல்லவா? இருபது சதவீதம் ஏற்றி வைத்தால் ஆள் உள்ளேயே வர மாட்டார். முதல் இரண்டு மாதத்தில் வருகிறவர்களே நல்ல கிராக்கி. வருடக்கணக்கில் போர்டு தொங்கும் வீட்டுக்கு, சாயங்காலக் கத்தரிக்காய் போல முகம் வாடிவிடும். "அந்த வீட்டில் ஏதோ வில்லங்கம்" என்று ஊரே பேசும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரையம் பேச மாட்டார்கள். தை முதல் சித்திரை வரை நல்ல காலம், பிள்ளைகளின் பள்ளி மாறுகிற நேரமும் அதுவே. வெள்ளையடித்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்தால் போதும். விற்கப்போகும் வீட்டில் புதுச் சமையலறை கட்டுவது வீண் செலவு.

பாதி கணக்கில், பாதி கையில் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, நஷ்டக் கணக்காகவே சொல்கிறேன். 2015 ஜூன் முதல் வீடு, மனை விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அட்வான்சுக்கும் இது பொருந்தும். வங்கிக் கடனில் வாங்குகிறவருக்கு முழு விலையும் பத்திரத்தில் இருக்க வேண்டும். ரொக்கம்தான் வேண்டும் என்றால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அது உங்கள் பான் கணக்கில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி என்றதும் பயந்து, விற்பதையே தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடானால், விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதமாகவும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2012-13இல் 30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் வரி 3 லட்சத்து 75 ஆயிரம். இரண்டாவது வழியில் 30 லட்சம் 56 லட்சத்து 40 ஆயிரமாக உயர்ந்துவிடுவதால் வரி 72 ஆயிரம்தான். செஸ் தனி. ஆடிட்டர் ஒரு கணக்கை மட்டும் காட்டினால் மற்றதையும் கேளுங்கள். கீழே கடை, மேலே வீடு என்று இருந்தால் கடைப் பகுதிக்குக் கணக்கு வேறு.

வேறு வீடு வாங்கினால் இந்த வரியும் வேண்டியதில்லை. ஆனால் விற்ற பணம் முழுவதையும் புது வீட்டில் போட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை, லாபத் தொகையைப் போட்டால் போதும். மேலே சொன்ன வணிகர் 30 லட்சத்துக்குச் சிறிய வீடு ஒன்றை இரண்டு வருடத்துக்குள் வாங்கி, மீதி 30 லட்சத்தில் கடனை அடைத்தால் வரியே இல்லை. அதற்காக, 72 ஆயிரத்தை மிச்சப்படுத்த அவசரப்பட்டு ஏதோ ஒரு வீட்டில் 30 லட்சத்தை முடக்குவதும் சரியல்ல.

வந்த பணத்தைக் கடையின் கரண்ட் அக்கவுண்டில் மட்டும் போடாதீர்கள். தீபாவளிக் கொள்முதலும் மொத்த வியாபாரியின் செக்கும் அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் புது வீடு அமையவில்லை என்றால், அதற்கான தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாகத் தொடங்கிச் செலுத்தி வைக்கலாம், வரிச் சலுகை போகாது. வீடு வாங்கவோ கட்டவோ அன்றி வேறு எதற்கும் அதிலிருந்து எடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், கடைக்கென்று அதில் கைவைக்க நமக்கும் மனம் வராது.