வளர்ந்த பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் சிறப்புப் பள்ளியில் இருக்கும்வரை ஓடியாடுகிறார்கள். பள்ளி முடிந்ததும் அதுவும் முடிந்துவிடுகிறது. உணவிலும் மருந்திலும் நம் குடும்பங்கள் குறை வைப்பதில்லை. ஆயினும் அந்தப் பாசமே அவர்களை நாற்காலியில் அமர்த்திவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை மாற்றுத்திறனாளிகளுக்கும் பரிந்துரைக்கிறது.

இவர்களால் கற்க இயலாது என்பது உண்மையன்று. கற்பிக்கும் முறைதான் வேறு. நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம்: பாதங்களை ஊன்றுதல், முன்னே சாய்தல், எழுதல், மெல்ல அமர்தல். ஒவ்வொரு படியையும் முதலில் செய்துகாட்ட வேண்டும். பிறகு கைபிடித்துச் செய்விக்க வேண்டும். பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி விலகிக்கொள்ள வேண்டும். நேரமும் இடமும் சொற்களும் மாறலாகாது. அஸர் தொழுகைக்குப் பின் நடைப்பயிற்சி என வழக்கமாக்கினால், கடிகாரம் பார்க்கத் தெரியாதவரும் பாங்கோசை கேட்டதும் ஆயத்தமாவார். பெண்பிள்ளைகளுக்கு மொட்டைமாடியே போதும்.

டவுன் நோய்க்குறி உள்ளோருக்கு இதயக் குறையோ கழுத்தெலும்புத் தளர்வோ இருக்கலாம். மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

பெற்றோர் முதுமையடைவர். அன்று, தானே எழுந்து படியேறும் வலிமையே அப்பிள்ளைக்கும் உடன்பிறந்தோருக்கும் பெருந்துணை. உடல் இறைவன் தந்த அமானிதம். அவர்களின் உடலும் அவ்வாறே.