மாத மடல்: கூட்டம் கலைந்த பின்பு



மும்பையில் குர்லா ரெயில் நிலையத்திலிருந்து அந்தேரிக்குச் செல்லும் 332 ஆம் எண் பஸ்ஸை அறியாதவர் அவ்வட்டாரத்தில் இலர். 2024 டிசம்பர் 9 ஆம் நாள், திங்கட்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில், அந்தப் பஸ் எஸ். ஜி. பார்வே சாலையில் கட்டுக்கடங்காது ஓடிற்று. கடை கண்ணிக்குச் சென்றோர், வேலை முடித்து வீடு திரும்பியோர், சாலையில் நின்ற ஆட்டோ ரிக்‌ஷாக்கள், கார்கள் எல்லாம் அதன் வழியில் அகப்பட்டன. ஒன்பது பேர் மாண்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தாராவி, சயான், செம்பூர் ஆகிய இடங்களில் நம்மவர் எத்தனை குடும்பம்! அவர்களுக்குக் குர்லா அண்டை வீடு போன்றது. அச்செய்தி வந்த இரவில், வீடு திரும்பாதவரை எண்ணி எத்தனை நெஞ்சங்கள் பதைத்திருக்கும்!

அந்தச் சாலையில் மனிதகுலத்தின் இரு முகங்களும் அன்று தென்பட்டன. முன்பின் அறியாதவர்கள் ஓடிவந்து, காயம்பட்டோரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இறந்து கிடந்த பெண்ணொருத்தியின் கை வளையல்களை ஒருவர் கழற்றிய காட்சியும் படமாகி ஊரெங்கும் பரவியது. ஓட்டுநரைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. போலீசார் அவரைக் கைது செய்தனர். பஸ்ஸில் இயந்திரக் கோளாறு இல்லை என்று போக்குவரத்து அதிகாரிகள் சோதித்துக் கூறியதாகச் செய்திகள் வந்தன. குற்றம் யாருடையது என்பதைக் கூறவேண்டியது நீதிமன்றம்.

எனினும், ஒன்று சிந்திக்கத் தக்கது. அது பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள மின்சார பஸ். அதில் கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை; மிதித்தவுடன் முழு விசையும் சக்கரத்திற்குச் சென்றுவிடும். டீசல் வண்டியில் பல ஆண்டு பழகிய காலுக்கு இது புதிய பாடம். அந்த ஓட்டுநருக்கு இவ்வகை வண்டியில் கிடைத்த பயிற்சி சில நாட்களே என்பது அப்போது பெரிதும் பேசப்பட்டது. பஸ்ஸும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரருடையவை. பாதையும் பெயரும் நகரப் போக்குவரத்து நிறுவனத்தினுடையவை. இவ்வாறு பொறுப்பு இரண்டாகப் பிரியுமிடத்தில், பயிற்சியைச் சரிபார்ப்பவர் யார் என்ற கேள்வி நடுவே விழுந்துவிடக் கூடாது. ஒருவரை அடிப்பதால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது.

இனி, இம்மடலின் முக்கியச் செய்திக்கு வருகிறேன். கூட்டம் கலைந்துவிடும், பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விடும். அப்போதுதான் இழந்த குடும்பத்தின் உண்மையான துன்பம் தொடங்குகிறது. ஊரை விட்டு வந்த குடும்பமானால் துன்பம் இருமடங்கு. மொழி தெரியாத போலீஸ் நிலையம், தெரியாத கச்சேரி, தெரியாத வக்கீல். ஊரிலிருந்து வந்த அண்ணன் தம்பிமாரும் பத்து நாளில் திரும்பியாக வேண்டும்.

குர்லா விபத்தில் இறந்தோர் குடும்பத்திற்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று மகாராஷ்டிர முதலமைச்சர் அறிவித்தார். இது அரசின் உதவி. சட்டப்படி கோரத்தக்க நஷ்டஈடு வேறு. இரண்டையும் ஒன்றென்று மயங்கி, உரிமையைக் கைவிட்டவர் பலர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164 ஆம் பிரிவின்படி, யார் பேரில் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்திற்கு ஐந்து இலட்சமும் பெருங்காயத்திற்கு இரண்டரை இலட்சமும் பெறலாம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், 166 ஆம் பிரிவின்படி விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுத்த மனு இல்லாமற் போய்விடும். ஆகவே, துக்கத்தின் மயக்கத்தில் எவரேனும் நீட்டும் காகிதத்தில் கையொப்பமிடலாகாது.

தீர்ப்பாயம் எவ்வாறு கணக்கிடுகிறது? முப்பத்தைந்து வயதில் சுயதொழில் செய்து, மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த ஒருவர் மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வரை விட்டு இறந்தார் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றத்தின் 2009, 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின்படி, வருங்கால உயர்வுக்காக நாற்பது சதவிகிதம் கூட்டினால் 28,000. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 16. ஆக, 40,32,000 ரூபாய். ஐந்து இலட்சம் எங்கே, இது எங்கே! இல்லத்தரசியின் உழைப்பிற்கும் மதிப்புண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021 இல் மீண்டும் வலியுறுத்தியிருக்கிறது.

நம்போன்றோர்க்கு ஆறுதலான விதி ஒன்றுண்டு. விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்யவேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். மும்பையில் கணவனை இழந்து திருநெல்வேலிக்குத் திரும்பிய பெண் அங்கேயே வழக்காடலாம். ஆறு மாதத்திற்குள் மனுச் செய்துவிடுவதே பாதுகாப்பு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எதுவாயினும், சட்ட உதவி ஆணையத்தின் மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வருமானத்திற்கு ஏதேனும் ஓர் ஆதாரம் ஆகியவை கையில் இருத்தல் வேண்டும்.

அந்த ஆதாரம்தான் நம்மவரிடம் பெரும்பாலும் இல்லாதது. இட்லிக் கடை வைத்திருப்பவரும், துணி தேய்ப்பவரும் தம் வரவைத் தலைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தலை சாய்ந்தால் கணக்கும் சாய்ந்துவிடுகிறது. ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நோட்டுப் புத்தகம், இவை இன்றே வேண்டும். அவை எங்கே உள்ளன என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாலையில் வீழ்ந்தவரைக் கண்டால் அஞ்சி ஒதுங்காதீர்கள். 112 ஐ அழையுங்கள். உதவி செய்பவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது, பெயர் கேட்டு வருத்தக் கூடாது என்று சட்டமே காப்பளிக்கிறது. 2025 இல் வந்த திட்டப்படி, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமலே சிகிச்சை பெற வழியுண்டு.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிற்கும் நாடகத்திற்கும் குழு அமைக்கிறோம். மராத்தியும் இந்தியும் அறிந்த மூவர், துன்பம் நேர்ந்த வீட்டிற்குப் பதினோராம் நாளிலும் சென்று, "அம்மா, காகிதங்களை எடுங்கள், நாங்கள் உடன் வருகிறோம்" என்று சொல்லும் குழு ஒன்றையும் அமைப்போமாக. மாலை போட முதல் நாளில் எல்லோரும் வருவார்கள். அந்த வீட்டிற்குத் துணை தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.