வீடும் விஞ்ஞானமும்: நீராடும் அறையில் மின்குதை

நம் முன்னோர் கிணற்றடியிலும் குளக்கரையிலும் நீராடினர். இன்றோ நீராட்டம் நான்கு சுவர்களுக்குள் வந்துவிட்டது. அதனைத் தொடர்ந்து சவரப்பொறி, தலைமயிர் உலர்த்தி, சலவைப்பொறி, வெந்நீர்க் கருவி என ஒவ்வொன்றாக அவ்வறைக்குள் புக முயல்கின்றன. “குளியலறையிலும் ஒரு பிளக் பொயின்ற் இருந்தால் எத்துணை வசதி!” என்னும் எண்ணம் பல இல்லங்களில் எழுவது இயல்பே. அதனைச் செயலாக்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

“ஏதும் பிழை நேர்ந்தால் உருகி அறுந்துவிடும்; பின் அச்சம் எதற்கு?” என்று கருதுவோர் உளர். உயிருக்கு உலைவைக்கும் கருத்து இதுவே. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். ஓமின் விதிப்படி உடலினூடு பாயும் மின்னோட்டம் 0.23 அம்பியர், அஃதாவது 230 மில்லியம்பியர். 10 மில்லியம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகி, பற்றிய பொருளை விடமுடியாத நிலை உண்டாகலாம். 30 மில்லியம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் மார்பினூடு சிறிது நேரம் பாயுமாயின் இதயத் துடிப்பே நிலைகுலையக்கூடும். ஆனால் 5 அம்பியர் உருகிக்கு இந்த 0.23 அம்பியர் ஒரு பொருட்டன்று; ஒரு மின்விசிறி சுழல்வதாகவே அது கொள்ளும். சுவரினுள் ஓடும் கம்பி எரியாது காப்பதே உருகியின் தொழில். மனிதனைக் காக்க வேறொரு கருவி வேண்டும்.

அக்கருவியே ‘றிப் சுவிச்’ என வழங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். உயிர்க்கம்பியாற் செல்லும் மின்னோட்டம் அவ்வளவும் நொதுமற்கம்பியால் மீள்கின்றதா என அது இடையறாது ஒப்பிடுகின்றது. ஒரு பகுதி மனித உடலினூடு நிலத்துக்குக் கசியுமாயின் கணக்கில் வேறுபாடு தோன்றும். வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ, நொடியின் ஒரு சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். எனினும் ஒருவர் நிலத்தோடு தொடர்பின்றி உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருங்கே தொட்டால் இக்கருவி அதனை உணராது. ஆதலால் இஃதிருக்கிறதென்று எங்கும் குதை பொருத்திவிடலாகாது.

அவ்வாறாயின் குதையை எங்கே வைப்பது? நம் நாட்டு மின்பொறியியலாளர் பெரிதும் பின்பற்றும் பிரித்தானிய விதிகள், நீராடும் தொட்டியின் அல்லது பூநீர்க் குழாய்ப் பகுதியின் எல்லையிலிருந்து 3 மீற்றருக்குள் சாதாரண குதை கூடாதென நெடுங்காலம் விதித்தன. 2022 இல் அத்தூரம் 2.5 மீற்றராயிற்று. நம் இல்லங்களிலுள்ள குளியலறைகளை அளந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் அத்தகைய இடமே இராது. ஆகவே தலைமயிர் உலர்த்திக்குரிய குதை படுக்கையறைக் கண்ணாடியின் அருகே அமைவதே தகும். சவரப்பொறிக்கு மட்டும் வேண்டுமெனில், உள்ளே தனிப்படுத்தும் நிலைமாற்றி கொண்ட சிறப்புக் குதை உண்டு. அதனை நீர் தெறியாத இடத்திற் பொருத்தலாம். அது மிகச் சிறிய வலுவையே தரும். வேறு கருவிகளுக்கு உதவாது.

வெந்நீர்க் கருவியின் கதை வேறு. 3,500 வாற்றுக் கருவி ஏறத்தாழ 15 அம்பியரை இழுக்கும். 13 அம்பியர்க் குதை அதற்குப் போதாது. பிரதான பலகையிலிருந்து தனியே வரும் தடித்த கம்பியும், இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் ஆளியும், செம்மையான புவித்தொடுப்பும் அதற்கு வேண்டும். அவ்வாளி குளியலறைக்கு வெளியே இருத்தல் நலம். கதவிடுக்கால் நீட்டுக்கம்பி இழுத்து வாளியின் அருகே வைக்கும் வழக்கத்தை எக்காரணங்கொண்டும் அனுமதியாதீர்கள்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். மேற்கூறிய கணக்கை விளங்கிக்கொண்டமை கம்பியைத் தொடுவதற்கு உரிமை தந்துவிடாது. மாமாவோ பெரியம்மாவோ, “நீ படித்த பிள்ளைதானே, ஒன்று பூட்டிவிடு” என்று கேட்டால் பணிவோடு மறுத்து, தகுதிபெற்ற மின்தொழிலாளரை அழையுங்கள். வேலை முடிந்தபின் புவித்தொடுப்பையும் சுற்றுடைப்பானையும் கருவி கொண்டு சோதித்துக் காட்டும்படி அவரிடம் கேட்கலாம்; அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

உங்களாலேயே செய்யக்கூடிய பணியும் ஒன்றுண்டு. மின்பலகையிலுள்ள றிப் சுவிச்சில் பரீட்சைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதனை இன்றே அழுத்திப் பாருங்கள். ஆளி உடனே விழுந்தால் கருவி விழிப்போடிருக்கின்றது. விழாவிடின், அல்லது அத்தகைய கருவியே வீட்டில் இல்லையெனின், புதிய குதையைப் பற்றிய பேச்சை நிறுத்திவைத்து அக்குறையை முதலில் நீக்குங்கள். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.