விளையாட்டும் நல்வாழ்வும்

கல்வியே மாணவரின் தலையாய கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், கல்வியின் பெயரால் விளையாட்டை விலக்குதல் கல்விக்கே ஊறு செய்யும் என்பதை இவ்விழா மலரின் வாயிலாக வற்புறுத்த விரும்புகின்றோம்.

குடாநாட்டின் ஊர்வெளிகளிலே மாலைதோறும் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் நிகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் கல்லூரிகள் வழியாக வந்து வேரூன்றின. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, போரினாற் சில ஆண்டுகள் தடைப்பட்டும், இன்றும் நடைபெறுகின்றது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனப்படும் அதனைக் காணத் தலைநரைத்த பழைய மாணவரும் கடல்கடந்து வருகின்றனர். அவரை ஈர்ப்பது வெற்றி மாத்திரமன்று; இளமைத் தோழமையுமாம். கண்டு மகிழ்தலும் தனிமையைப் போக்கி உள்ளத்துக்கு உரமூட்டும் என்பதற்கு இது சான்று.

எனினும், பார்வையாளராயிருத்தல் மட்டும் போதாது. பார்ப்போன் தோல்வியிற் பிறரைப் பழித்து வீடு செல்லலாம். ஆடுவோனோ தோல்வியைத் தானே சுமந்து, மறுநாள் மீண்டும் பயிற்சிக்கு வருகின்றான். அப்பழக்கம் பரீட்சைத் தோல்வியிலும் வாழ்க்கைத் துன்பத்திலும் அவனைத் தாங்கும்.

விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்பார்க்கு நா. எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையே தக்க விடை. மத்திய கல்லூரி மாணவரான அவர் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவரே பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

எல்லோரும் எதிர்வீரசிங்கம் ஆகார், ஆகவேண்டுவதுமில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பாவது வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதந்துரைத்தது. மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவே.

அந்த ஒரு மணியைப் பறிப்பவர் யாவர்? ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் தனியார் வகுப்புக்கு விரட்டுவோர் பெற்றோராகிய நாமே. நாமோ, அன்று கல்லூரி மைதானத்தில் இருளும்வரை ஆடி, வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள்! கேடயமும் கிண்ணமும் வழங்கும் நாம், நம் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பொழுதை வழங்கத் தயங்குதல் முறையோ?

ஆதலின், அணிக்குத் தெரிவானோர்க்கு மட்டுமன்றி, எல்லா மாணவர்க்கும் மாலைதோறும் மைதானம் பயன்படல் வேண்டும். பழைய மாணவரும் விழாநாளில் நாற்காலியில் அமர்ந்து கைதட்டுவதோடு அமையாது, இயன்றபோது களத்தில் இறங்குவாராக. மைதானத்தில் எழும் ஆரவாரமே கல்லூரிக்கு நாம் தேடித்தரும் சிறந்த நன்கொடையாகும்.