நடக்க வழி விடுங்கள்!

காலை எட்டரை மணிக்கு நம் பள்ளி வாயிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கார்களும் முண்டியடித்து நிற்கும். அந்தப் புகையையும் இரைச்சலையும் கடந்துதான் நாங்கள் உள்ளே நுழைகிறோம். அண்மையில் எங்கள் வகுப்பாசிரியை, “ஒரு கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்கள் யார்?” என்று கேட்டார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. “நடந்து வருபவர்கள்?” என்றார். ஐந்து விரல்களுக்குள் எண்ணி முடித்துவிட்டோம்!

நாங்கள் சோம்பேறிகள் அல்லர். “வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?” என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. நடைபாதை உள்ள இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அது முடியும் இடத்தில் மூடியில்லாத சாக்கடை வாய் பிளந்திருக்கிறது. எனவே வண்டிகளுக்கு அஞ்சி நாமும் ஒரு வண்டியில் ஏறுகிறோம். சாலையில் வண்டிகள் மேலும் பெருகுகின்றன. பெட்ரோல் எரிவதால் எழும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. நிழலற்ற தார்ச்சாலையோ பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சி, மாலையில் நம் மீதே வீசுகிறது.

“நட, உடம்புக்கு நல்லது” என்று அறிவுரை கூறினால் மட்டும் இந்நிலை மாறுமா? நகரை அமைக்கும் முறையே மாற வேண்டும். நகரமைப்போர் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பகுதிகளாகப் பிரிக்கின்றனர். ஆலைப் புகை வீட்டுக்குள் புகாதிருக்க இப்பிரிவினை தேவைதான். ஆனால் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் பள்ளியும் நூலகமும் வீட்டுக்கு அருகிலேயே அமைய இடம் வைக்க வேண்டும். எல்லாம் தொலைவில் இருந்தால், நல்ல நடைபாதை இருந்தும் யார் நடப்பார்?

நம் சென்னையில் இதற்கான தொடக்கம் இல்லாமலில்லை. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே ஏற்றது. நெரிசலுக்குப் பெயர்போன தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில், 2019-இல் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து அகன்ற நடைபாதை அமைத்தனர். முடியாது என்று நினைத்தது முடிந்தது. புடவை வாங்கப் போகிறவர்களுக்குக் கிடைத்த நடைபாதை, பாடம் படிக்கப் போகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

அன்பான பெற்றோரே, அருட்சகோதரியரே! பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் தடையற்ற நடைபாதையும் நிழல் மரங்களும் வேண்டும் என்று நம் வார்டு கவுன்சிலரிடம் சேர்ந்து கேட்போம். அதுவரை, ஒரே தெருவிலுள்ள நாங்கள் குழுவாக நடந்து வர அனுமதியுங்கள். முறை வைத்து ஒரு பெரியவர் துணைக்கு வந்தால் போதும். பதினைந்து வயதுப் பெண் அச்சமின்றி நடக்கும் தெருவில் பாட்டியும் நடப்பார், பார்வையற்றவரும் நடப்பார். அத்தகைய தெருவே பூமியையும் குளிர்விக்கும்.

வழி விடுங்கள், நாங்கள் நடந்து காட்டுகிறோம்!

– பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு