பொய் சொல்லியிருந்தா பணம் வந்திருக்குமாம்

கீரைக்கட்டோட விடியக்காலையில சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போன மனுஷன், ஆஸ்பத்திரி வண்டியில பொணமா வந்தார். மோதினவனுக்கு வயசு பதினாறு. ஓட்டினது அவன் அப்பாவோட பைக். பதினாறு வயசுல லைசென்ஸ் எங்கேயிருந்து வரும்?

பால் ஊத்தின ஈரம் காயலை, அந்த அப்பா வாசல்ல வந்து நின்னார். "அக்கா, ஓட்டினது என் தம்பின்னு ஸ்டேஷன்ல சொல்லிடுறோம். அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு. நீங்களும் ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ் பணம் தடங்கல் இல்லாம வந்துடும். பையன் படிப்பும் கெடாது."

முடியாதுன்னுட்டேன். டீக்கடை வாசல்ல நாலு பேர் பார்த்ததை நான் எப்படி மாத்திச் சொல்வேன்?

அதுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன். கோர்ட்டுல இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, "ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, கம்பெனிக்குப் பொறுப்பில்லை"ங்கிறார். லைசென்ஸ் இல்லாதது யாருக்கு? எனக்கா, செத்தவருக்கா? எங்க வக்கீல் ஸ்வரண் சிங் வழக்குல 2004-ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பை நீட்டினார். லைசென்ஸ் இல்லைன்னாலும் செத்தவர் குடும்பத்துக்கு முதல்ல குடு, அப்புறம் வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட்டு சொல்லலாமாம். அந்த 'லாமு'க்குத்தான் வாய்தா மேல வாய்தா. நடுவுல சம்பளச் சான்று வேற கேட்கிறாங்க. கீரை விக்கிறவருக்கு யாருங்க சான்று எழுதிக் குடுப்பா? சைக்கிள்ல லைட்டு இருந்துச்சாங்கிறாங்க!

2019-ல சட்டத்தைக் கடுமையாக்கியாச்சாம். லைசென்ஸ் இல்லாம ஓட்டினா முன்னே 500 ரூபாய், இப்போ 5,000. சின்னப் பையன் வண்டியை எடுத்துத் தப்பு பண்ணினா பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. 199ஏ. கையெழுத்துக்கூட ஒழுங்கா வராத எனக்குப் பிரிவு நம்பர் மனப்பாடம்.

ஆனா அந்த அப்பா, "எனக்குத் தெரியாம சாவியை எடுத்துட்டான்"னு ஒரே வார்த்தைல நிக்கிறார். அதை நிரூபிச்சா தப்பிச்சுக்கலாம்னு அதே பிரிவுலயே இருக்காம். தினமும் சாயங்காலம் அந்தப் பையன் அதே வண்டியில டியூஷன் போனதைத் தெருவே பார்த்துச்சு. சாட்சிக்கு வாங்கன்னா ஒருத்தரும் வாசப்படி தாண்டலை.

போன வாய்தாவுக்குப் போக பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். அந்த பைக் போகுது. நம்பர் எனக்கு மறக்குமா? முன் லைட்டு மட்டும் புதுசு. ஓட்டுறது யாருன்னு நான் பார்க்கலை.